ஆக்டிவ் டைரக்டரி: ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளைப் பழைய டொமைன் கண்ட்ரோலரிலிருந்து புதியதற்கு மாற்றுவது குறித்து

கேள்வி

வணக்கம். சுமார் 160 பேர் பணிபுரியும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணினி வலையமைப்பை நான் பராமரித்து வருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆக்டிவ் டைரக்டரி (பயனர், கணினிக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) டொமைன். அது விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் தொடங்கப்பட்டது. நான் பணியில் சேர்ந்தபோது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இயங்கும் ஓர் இயந்திரம் மட்டுமே டொமைன் கண்ட்ரோலராக, அதாவது அந்தக் கணக்குகளின் தரவுத்தளத்தை வைத்து உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வராக, இருந்தது. அந்தப் பதிப்பின் நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. போதாததற்கு, கடந்த வாரத்திலிருந்து அதன் ரெய்டு தொகுப்பில் உள்ள ஒரு வன்தட்டு எச்சரிக்கை காட்டி வருகிறது.

இதனால் ஹைப்பர்-வி (விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருள்) மீது விண்டோஸ் சர்வர் 2022 நிறுவி, அதை இரண்டாவது டொமைன் கண்ட்ரோலராக உயர்த்தியிருக்கிறேன். இரண்டுமே குளோபல் கேட்டலாக் (எல்லா டொமைன்களின் பொருள்களையும் தேட உதவும் பட்டியல்) வைத்திருக்கின்றன. நெட்டாம் கட்டளையில் பார்த்தால் ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளும் (ஒரு நேரத்தில் ஒரே கண்ட்ரோலர் மட்டும் செய்ய வேண்டிய பணிகள்) இன்னும் பழைய சர்வரிடமே உள்ளன. டிஎச்சிபியும் (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை) அதில்தான் இயங்குகிறது.

என் மேலாளர் ஒரு வழி சொல்கிறார்: பழைய சர்வரை அணைத்துவிட்டு, புதியதில் ஐந்து பொறுப்புகளையும் சீஸ் (கட்டாயமாக எடுத்துக்கொள்ளுதல்) செய்துவிடலாம், ஏதேனும் கோளாறு நேர்ந்தால் பழையதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம், அது நமக்கு ஒரு காப்பாக இருக்கும் என்பது அவர் கருத்து. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் தவறு என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. பொறுப்புகளை மாற்றுவதில் வரிசை ஏதும் உண்டா, அலுவலக நேரத்தில் செய்யலாமா, முன்னதாக எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1

உங்களுக்குத் தோன்றிய தயக்கம் முற்றிலும் சரியானது. மேலாளர் சொல்லும் வழியைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். காரணத்தை அவரிடம் சொல்லும் வகையிலேயே எழுதுகிறேன்.

அரசு அலுவலகத்தில் ஓர் அதிகாரி மாற்றலாகும்போது, பழையவரும் புதியவரும் நேரில் இருந்து பொறுப்பை ஒப்படைத்து, இருவரும் கையெழுத்திடுவார்கள். அதன் பிறகு பழையவர் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட மாட்டார், ஏனென்றால் தான் பொறுப்பில் இல்லை என்பது அவருக்கே தெரியும். டிரான்ஸ்ஃபர் என்பது இதுதான்: புதிய டொமைன் கண்ட்ரோலர் பழையதைத் தொடர்புகொள்கிறது, பழையது தன்னிடம் உள்ள கடைசி நிலையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது, இரண்டின் தரவுத்தளத்திலும் புதிய உரிமையாளரின் பெயர் பதிவாகிறது. சீஸ் என்பது, பழையவர் திரும்பி வரவே மாட்டார் என்று உறுதியான பிறகு, அவர் இல்லாமலேயே நாற்காலியில் அமர்வது. பழைய இயந்திரத்துக்கு அந்தச் செய்தி தெரியாது. அதை மீண்டும் இயக்கினால், புதியதோடு ரெப்ளிகேஷன் (கண்ட்ரோலர்கள் ஒன்றின் தரவை மற்றொன்று நகலெடுப்பது) நடந்து விவரம் தெரியும்வரை, தானே பொறுப்பாளர் என்ற எண்ணத்தோடுதான் அது எழுந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது: பொறுப்பு வைத்திருக்கும் கண்ட்ரோலர் மறுதொடக்கத்துக்குப் பின், குறைந்தது ஒரு கூட்டாளியிடமிருந்து ரெப்ளிகேஷன் பெற்ற பிறகே அந்தப் பொறுப்பில் செயல்படும். ஆனால் அந்தத் தடுப்பை நம்பித் திட்டமிடுவது சரியல்ல. குறிப்பாக ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ஆர்ஐடி மாஸ்டர் (புதிய கணக்குகளுக்கான அடையாள எண்களை ஒதுக்குவது) ஆகிய மூன்றில் எதையாவது சீஸ் செய்துவிட்டால், பழைய இயந்திரத்தை வலையமைப்பில் மீண்டும் இணைக்கவே கூடாது. ஆகவே, காப்பாக இருக்கும் என்று அவர் நினைக்கும் இயந்திரம், சீஸ் செய்த கணமே காப்பாக இல்லாமல் போய்விடுகிறது. உங்களுக்கு உண்மையான காப்பு வேண்டுமென்றால், மாற்றத்துக்கு முன் இரண்டு சர்வர்களிலும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் வன்தட்டு முழுவதுமாகப் போவதற்குள் டிரான்ஸ்ஃபர் செய்துவிடுவதுதான் சரியான வழி. இந்த வாரமே செய்துவிடுங்கள்.

வரிசை என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஐந்தில் ஸ்கீமா மாஸ்டரும் டொமைன் நேமிங் மாஸ்டரும் ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு) முழுமைக்கும் ஒவ்வொன்றே. பிடிசி எமுலேட்டர், ஆர்ஐடி மாஸ்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர் ஆகியவை ஒவ்வொரு டொமைனுக்கும் ஒன்று. உங்களிடம் ஒரே டொமைன் என்பதால் ஐந்தும் ஒரே இயந்திரத்தில் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. குளோபல் கேட்டலாக் உள்ள கண்ட்ரோலரில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டரை வைக்கக் கூடாது என்ற பழைய அறிவுரையை எங்காவது படித்திருப்பீர்கள். பல டொமைன்கள் இருந்து, சில கண்ட்ரோலர்களில் மட்டும் குளோபல் கேட்டலாக் இருக்கும் அமைப்புக்குத்தான் அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது.

முன்னதாகச் சரிபார்க்க வேண்டியதில் முதன்மையானது ரெப்ளிகேஷன். ரெப்அட்மின் கருவியில் ரெப்ல்சம்மரி என்ற தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். தோல்வி எண்ணிக்கை இரு திசையிலும் சுழியமாக இருக்க வேண்டும். பிறகு டிசிடயாக் கருவியை இரண்டு சர்வர்களிலும் ஓட்டி, ஒவ்வொரு பிழைக்கும் விளக்கம் கிடைக்கும்வரை மேலே செல்லாதீர்கள். சிஸ்வால், நெட்லாகன் ஆகிய (குழுக் கொள்கைகளும் உள்நுழைவு ஸ்கிரிப்டுகளும் உள்ள) இரண்டு பகிர்வுகளும் புதிய சர்வரில் தெரிகின்றனவா என்று நெட் ஷேர் கட்டளையில் பாருங்கள். 2003 காலத்து டொமைன் என்றதும் சிஸ்வால் இன்னும் பழைய எஃப்ஆர்எஸ் முறையில் நகலாகிறதோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. ஆனால் விண்டோஸ் சர்வர் 2022 எஃப்ஆர்எஸ் உள்ள டொமைனில் கண்ட்ரோலராகச் சேரவே மறுத்துவிடும். உங்களுடையது சேர்ந்துவிட்டது என்பதால், உங்களுக்கு முன் இருந்தவர் டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றியிருக்கிறார் என்று பொருள்.

மாற்றுவதற்குப் பவர்ஷெல்லே எளிது. புதிய சர்வரில் நிர்வாகி உரிமையோடு திறந்து, மூவ்-ஏடிடைரக்டரிசர்வர்ஆபரேஷன்மாஸ்டர்ரோல் என்ற கட்டளையில் ஐடென்டிட்டிக்குப் புதிய சர்வரின் பெயரையும், ஆபரேஷன்மாஸ்டர்ரோல் என்ற இடத்தில் 0,1,2,3,4 என்ற எண்களையும் கொடுத்தால் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவிடும். 0 பிடிசி எமுலேட்டரையும், 1 ஆர்ஐடி மாஸ்டரையும், 2 இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டரையும், 3 ஸ்கீமா மாஸ்டரையும், 4 டொமைன் நேமிங் மாஸ்டரையும் குறிக்கும். ஃபோர்ஸ் என்ற தேர்வை மட்டும் சேர்க்கவே வேண்டாம், அதுதான் சீஸ். உங்கள் கணக்கு டொமைன் அட்மின்ஸ், எண்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஸ்கீமா அட்மின்ஸ் ஆகிய மூன்று குழுக்களிலும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கீமா அட்மின்ஸ் குழுவிலிருந்து கணக்கை நீக்கிவிடுங்கள்.

அலுவலக நேரத்தில் செய்தாலும் பயனர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆர்ஐடி எண்கள் ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் 500 வீதம் முன்கூட்டியே வழங்கப்பட்டிருப்பதால் புதிய கணக்கு உருவாக்குவதும் நிற்காது. இருந்தாலும் பிடிசி எமுலேட்டர் மாறும்போது நேர ஒத்திசைவைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. எனவே மாலையில், ஆட்கள் கிளம்பிய பிறகு செய்யுங்கள்.

பதில் 2

முதல் பதிலில் சொல்லப்பட்ட சீஸ் ஆபத்து ஏட்டளவில் உள்ள எச்சரிக்கை அன்று என்பதற்கு, நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் மேலாளர் இதைப் படித்தால் நல்லது.

தலைமை அலுவலகத்தில் இரண்டும், கிளையில் ஒன்றுமாக மூன்று கண்ட்ரோலர்கள் இருந்தன. பொறுப்புகள் அனைத்தையும் வைத்திருந்த தலைமை அலுவலக சர்வரின் மதர்போர்டு பழுதானது. உதிரிபாகம் கிடைக்க நாளாகும் என்றார்கள். நான் மற்றொன்றில் ஐந்தையும் சீஸ் செய்தேன். அதுவரை செய்ததில் தவறில்லை. பழைய சர்வரின் விவரங்களை டைரக்டரியிலிருந்து உடனே நீக்காததும், அதன் வன்தட்டுகளை அழிக்கச் சொல்லாததும்தான் என் தவறு. சில வாரங்களில் சர்வர் பழுது நீங்கி வந்தது. அதிலிருந்த பழைய கோப்புகள் சில தேவைப்பட்டதால், எனக்குத் தெரியாமல் அதைக் கிளை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று அங்குள்ள வலையமைப்பில் இணைத்துவிட்டார்கள். கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலான ரெப்ளிகேஷன் நான் சீஸ் செய்வதற்கு முன்பே ஒரு ஃபயர்வால் மாற்றத்தால் அறுந்திருந்தது, அதையும் நாங்கள் கவனிக்கவில்லை. ஆக, கிளையில் இருந்த கண்ட்ரோலருக்கும் சீஸ் நடந்தது தெரியாது. பழைய சர்வர் அதனுடன் ரெப்ளிகேஷன் செய்து, எல்லாம் சரியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஆர்ஐடி மாஸ்டராக வேலையைத் தொடங்கிவிட்டது. கிளைக்கு அது ஒதுக்கிக் கொடுத்த எண் தொகுதியும், தலைமை அலுவலகத்தில் புதிய ஆர்ஐடி மாஸ்டர் ஒதுக்கிய தொகுதியும் ஒன்றாக அமைந்தன.

விளைவு என்னவென்றால், இரண்டு வெவ்வேறு பணியாளர்களுக்கு ஒரே எஸ்ஐடி (கணக்கின் பாதுகாப்பு அடையாள எண்) கிடைத்தது. கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒருவரால் கணக்குப் பிரிவின் கோப்புறையைத் திறக்க முடிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. உரிமைப் பட்டியலில் பயனரின் பெயர் எழுதப்படுவதில்லை, எஸ்ஐடிதான் எழுதப்படுகிறது என்பதால், யாருக்கு எந்த உரிமை போயிருக்கிறது என்று ஒவ்வொரு கோப்புறையாகப் பார்க்க வேண்டியதாயிற்று. என்டிடிஎஸ்யூட்டில் கருவியில் நகல் எஸ்ஐடிகளைத் தேடும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு கண்டறிந்து, புதிய கணக்குகளை அழித்து மீண்டும் உருவாக்கினோம். அந்த வாரம் முழுவதும் எனக்கு உறக்கமே இல்லை.

நீங்கள் எப்போதாவது உண்மையிலேயே சீஸ் செய்ய நேர்ந்தால், அதே நாளில் டொமைன் கண்ட்ரோலர்ஸ் கொள்கலத்தில் உள்ள பழைய சர்வரின் கணினிக் கணக்கை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் சர்வர் 2008 முதல் அப்படி நீக்கும்போதே மெட்டாடேட்டாவும் (டைரக்டரியில் எஞ்சும் அதன் பதிவுகள்) துப்புரவாகிறது. பழைய வன்தட்டுகளை அழித்த பிறகே அந்த இயந்திரத்தை வேறு வேலைக்குக் கொடுங்கள்.

பதில் 3

மேலே இருவரும் பொறுப்பு மாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். பழைய சர்வரைச் சார்ந்திருக்கும் மற்றவற்றைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரை பொறுப்புகள் மாறியதால் அலுவலகம் நின்றதைவிட, பழைய ஐபி முகவரி மறைந்ததால் நின்றதே அதிகம்.

முதலில் நேரம். டொமைனில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் கடிகார மூலம் பிடிசி எமுலேட்டர்தான். கெர்பெரோஸ் (டொமைனின் உள்நுழைவுச் சரிபார்ப்பு முறை) இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவு மறுக்கப்படும். பொறுப்பு மாறிய பின் வெளி நேர சர்வரின் முகவரி தானாக மாறி வராது. புதிய சர்வரில் டபிள்யூ32டிஎம் கட்டளையின் மேனுவல்பியர்லிஸ்ட் வழியாக நேர மூலத்தைக் கொடுத்து, ரிலையபிள் என்பதை எஸ் என்று வைக்க வேண்டும். பழைய சர்வரை டொம்ஹையர் என்ற (டொமைனிலிருந்தே நேரம் பெறும்) நிலைக்குத் திருப்பி, ரிலையபிள் என்பதை நோ ஆக்கிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதியது தன் உள் கடிகாரத்தையே நம்பி, மெல்ல மெல்ல விலகிப் போகும். உங்கள் புதிய சர்வர் ஹைப்பர்-வி மீது இருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹோஸ்ட் இயந்திரம் டொமைனில் சேர்ந்திருந்தால், அது கண்ட்ரோலரிடம் நேரம் கேட்கும், கண்ட்ரோலர் ஹோஸ்டிடம் நேரம் வாங்கும், இப்படி ஒன்றையொன்று சுற்றி வந்து இரண்டும் சேர்ந்து தவறும். அந்த விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் நேர ஒத்திசைவுச் சேவையை நிறுத்திவிடுங்கள். பிறகு டபிள்யூ32டிஎம் க்வெரி சோர்ஸ் என்று கேட்டால், நீங்கள் கொடுத்த வெளி சர்வரின் பெயர் வர வேண்டும்.

உங்கள் அலுவலகம் இந்தியாவில் இருக்குமானால், எந்த நேர மூலத்தைக் கொடுப்பது என்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 2022 ஏப்ரல் 28 நாளிட்ட செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி (நேரம் வழங்கும்) சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்தொடரும் சர்வர்களோடு ஒத்திசைக்கப்பட வேண்டும். பிடிசி எமுலேட்டரை மாற்றும் இந்த நேரத்திலேயே அதையும் சரிசெய்துகொள்வது நல்லது.

அடுத்தது, பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ். டிஎச்சிபி ஸ்கோப்பில் 006 என்ற (டிஎன்எஸ் சர்வர்) தேர்வில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். புதிய சர்வரின் முகவரியை முதலில் சேர்த்து, குத்தகைக் காலம் ஒரு சுற்று முடியும்வரை பொறுங்கள். நிலையான முகவரி கொடுக்கப்பட்ட பிரிண்டர், ஸ்கேனர், வருகைப்பதிவுக் கருவி, கேமரா பதிவுப் பெட்டி ஆகியவற்றில் பழைய டிஎன்எஸ் முகவரி கையால் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்டாப் வழியாகப் பயனர்களைச் சரிபார்க்கும் ஃபயர்வால், விபிஎன், ஈஆர்பி போன்றவற்றிலும் பழைய சர்வரின் ஐபி முகவரியே இருக்கக்கூடும். பழைய சர்வரில் சான்றிதழ் சேவை நிறுவப்பட்டிருந்தால், அதை வேறிடத்துக்கு மாற்றி நீக்காமல் டொமைன் கண்ட்ரோலர் நிலையிலிருந்து இறக்க முடியாது.

இவை அனைத்தும் முடிந்ததாக நீங்கள் நினைக்கும்போது, பழைய சர்வரை இறக்குவதற்கு முன் ஒரு வேலைநாள் மட்டும் அதன் வலையமைப்புக் கம்பியைக் கழற்றி வைத்துப் பாருங்கள். பொறுப்புகளை முறைப்படி டிரான்ஸ்ஃபர் செய்தபின் இப்படிச் செய்வதில் ஆபத்தில்லை. அதைச் சீஸ் செய்த நிலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். யார் யார் தொலைபேசியில் அழைக்கிறார்களோ, அவர்களுடைய சாதனங்கள் பட்டியலில் விடுபட்டவை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது பதிலை மேலாளரிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே டிரான்ஸ்ஃபருக்கு ஒப்புக்கொண்டார். பேக்கப் எடுத்து, ரெப்ளிகேஷனைச் சரிபார்த்து, சனிக்கிழமை மாலை கட்டளையைக் கொடுத்தேன். ஐந்தும் ஒரு நிமிடத்துக்குள் மாறிவிட்டன. நேர மூலத்தை மாற்றினேன், டிஎச்சிபியையும் புதியதற்குக் கொண்டுவந்தேன். கம்பியைக் கழற்றி வைத்த நாளில் ஒரு வருகைப்பதிவுக் கருவியும் இரண்டு ஸ்கேனர்களும் மட்டும் நின்றன, அவற்றையும் திருத்திவிட்டேன்.

இப்போது கம்பியை மீண்டும் இணைத்து, பழைய சர்வரை டொமைன் கண்ட்ரோலர் நிலையிலிருந்து இறக்க முயன்றால் பிழை வருகிறது. ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஜோன்ஸ் பகுதியில் எஞ்சியிருக்கும் தரவை மற்றொரு கண்ட்ரோலருக்கு மாற்ற முடியவில்லை என்றும், பொறுப்பின் உரிமையாளர் யார் என்று தீர்மானிக்கத் தேவையான தகவல் இல்லை என்றும் சொல்கிறது. நெட்டாம் கட்டளையில் ஐந்து பொறுப்புகளும் புதிய சர்வரிடம் இருப்பதாகத்தான் காட்டுகிறது. எதை விட்டுவிட்டேன் என்று புரியவில்லை. கட்டாயப்படுத்தி இறக்கிவிடலாமா?

பதில் 1

கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை; இது உங்களுக்கு முன்பிருந்தே கிடக்கும் பாக்கி. உங்கள் டொமைன் 2003 காலத்தது என்று முதலிலேயே சொன்னபோது நான் இதையும் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

ஐந்து பொறுப்புகள் என்று நாம் எண்ணினாலும், டிஎன்எஸ் தரவை வைத்திருக்கும் டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸ், ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஜோன்ஸ் என்ற இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியே ஓர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் உருப்படி உண்டு, அவற்றுக்கும் உரிமையாளர் பதிவு உண்டு. நெட்டாம் இவற்றைக் காட்டுவதில்லை. பவர்ஷெல் கட்டளையும் இவற்றைத் தொடுவதில்லை. முன்பு ஒரு கண்ட்ரோலர் முறையாக இறக்கப்படாமல் பழுதாகி, அதன் பதிவை யாரோ நீக்கியிருந்தால், இந்த உருப்படிகள் இல்லாத அந்த இயந்திரத்தையே இன்னும் உரிமையாளராகக் காட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் இது யார் கண்ணிலும் படாது. கண்ட்ரோலரை இறக்கும் நாளில்தான் தலைகாட்டும்.

புதிய சர்வரில் ஏடிஎஸ்ஐ எடிட் கருவியைத் திறந்து, அந்தச் சர்வரோடே இணைந்து, ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஜோன்ஸ் பகுதியின் முழுப் பெயரைக் கொடுத்து உள்ளே செல்லுங்கள். அங்குள்ள இன்ஃப்ராஸ்ட்ரக்சர் உருப்படியின் பண்புகளில் எஃப்எஸ்எம்ஓரோல்ஓனர் என்ற பண்பைப் பாருங்கள். அதன் மதிப்பில் 0ஏடிஇஎல் என்ற எழுத்துகள் இருந்தால், நீக்கப்பட்ட பொருளைச் சுட்டுகிறது என்று பொருள். புதிய சர்வரின் என்டிடிஎஸ் செட்டிங்ஸ் உருப்படியின் முழுப் பெயரை, அதாவது அதன் டிஸ்டிங்க்விஷ்டு நேமை, நகலெடுத்து அந்த இடத்தில் எழுதிச் சேமியுங்கள். டொமைன்டிஎன்எஸ்ஜோன்ஸ் பகுதியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். யார் உரிமையாளராக வேண்டுமோ, அந்தச் சர்வரோடு இணைந்துதான் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். பழைய சர்வரோடு இணைந்து செய்தால் மாற்றம் மறுக்கப்படும். முடிந்ததும் ரெப்அட்மினில் சின்க்ஆல் கொடுத்து இரண்டுக்கும் மாற்றம் சேர்ந்த பிறகு, மீண்டும் இறக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பகுதிகளிலும் நீங்கள் சொன்ன 0ஏடிஇஎல் இருந்தது. அதில் இருந்த பெயரைப் பழைய ஆவணங்களில் தேடியபோது, நான் பணியில் சேர்வதற்கு முன்பே பழுதாகிப் போன விண்டோஸ் சர்வர் 2003 இயந்திரத்தின் பெயர் என்று தெரிந்தது. இரண்டையும் திருத்தி, ரெப்ளிகேஷன் முடிந்தபின் முயன்றேன். பழைய சர்வர் எந்தப் பிழையும் இல்லாமல் இறங்கியது. டொமைன் கண்ட்ரோலர்ஸ் கொள்கலத்திலும், சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் பட்டியலிலும், டிஎன்எஸ்ஸின் பெயர் சர்வர் பதிவுகளிலும் அதன் பெயர் எஞ்சவில்லை என்று பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

இப்போது இருப்பது ஒரே ஒரு கண்ட்ரோலர் என்பதால், வேறொரு ஹோஸ்டில் இரண்டாவது விண்டோஸ் சர்வர் 2022 நிறுவும் வேலையை இன்று தொடங்கியிருக்கிறேன்.